கல்முனைத் தண்ணீர் யாருக்கு ஒத்துவரும்?

மருந்து கலக்கிக் கொடுக்கிற தொழிலில் நோயைவிடப் பெரிய தொல்லை போத்தல்தான். டிஸ்பென்சரிக்கு வருகிறவர் வெறும் போத்தல் ஒன்றைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்பது முறை. கொண்டுவரவும் செய்வார்கள். ஆனால் நேற்றுவரை அதற்குள் இருந்தது நல்லெண்ணெயா, தேனா, மண்ணெண்ணெயா என்பதை நான்தான் மூக்கை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். கழுவிக்கொண்டு வாருங்கள் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். கழுவாமல் ஊற்றிக் கொடுத்தால் மறுநாள் வந்து மருந்து நாறுகிறது என்று சண்டை பிடிப்பார்கள். இந்தக் கஷ்டம் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

கல்முனைக் கடைத்தெருவில் அப்போதிக்கரி ஐயாவின் டிஸ்பென்சரியில் நான் வேலை பார்க்கிறேன். ஐயா மட்டக்களப்பைச் சேர்ந்தவர். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உதவி வைத்தியராக ஊர் ஊராகச் சுற்றி, பென்ஷன் எடுத்தபிறகு இங்கே வந்து பலகை மாட்டியவர். அவர் நாடியைப் பிடித்து, நாக்கைப் பார்த்து, துண்டில் எதையோ கிறுக்கி அனுப்புவார். நான் சின்ன யன்னலுக்குப் பின்னால் நின்று அதைக் கலக்கி, போத்தலில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு குடிக்க வேண்டும் என்று காட்டும் கடதாசியைப் பல்லுப்பல்லாக வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். ஐயாவிடம் நோயை மட்டும்தான் சொல்வார்கள். நோயின் காரணத்தை யன்னலில் வந்து என்னிடம் சொல்வார்கள். அந்தக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். "இந்த ஊர் எனக்கு ஒத்துவரல்ல."

அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மூளை குழம்பிப் போனது. ஏனென்றால் இந்த ஊர் எனக்கும் ஒத்துவரவில்லை.

ஊரைத் திட்டுகிறவர்கள்

யன்னலில் நின்று நான் கவனித்த ஒரு விஷயம் உண்டு. ஊரைத் திட்டுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். ஒரு பெண்பிள்ளைகூட இந்த ஊர்த் தண்ணீர் சரியில்லை, காற்று சரியில்லை என்று சொன்னதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதில் அதிசயமில்லை. வாப்பாமார் மகளுக்குத்தான் வீடு கட்டுவார்கள். கலியாணம் முடித்த மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆகவே எந்தத் தெருவை எடுத்தாலும் பெண்கள் அங்கேயே பிறந்தவர்கள். ஆண்களில் பாதிப்பேர் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள். கல்முனைக்காரன் அக்கரைப்பற்றுக்கு மாப்பிள்ளையாகப் போய் அங்கேயுள்ள தண்ணீரைத் திட்டுகிறான். அக்கரைப்பற்றுக்காரன் இங்கே வந்து இந்தத் தண்ணீரைத் திட்டுகிறான்.

நான் சம்மாந்துறையில், நெல் வயல் வட்டைகளுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். ஹாஜறாவைக் கலியாணம் முடித்துக் கல்முனைக்கு வந்து சில மாதங்களிலேயே எனக்கு மூச்சு இழுப்புப் பிடித்துவிட்டது. பொழுது சாய்ந்தால் நெஞ்சுக்குள் பெருநாள் கடையில் விற்கும் ஊதுகுழல் மாதிரிச் சத்தம் வரும். ஐயா எழுதித் தந்த மருந்தை என் கையாலேயே கலக்கிக் குடித்தேன். ஒரு பலனுமில்லை. எல்லாம் உப்புக் காற்று செய்கிற வேலை என்று சம்மாந்துறையில் என்னைப் பெற்ற உம்மா அடித்துச் சொன்னா. எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஒருநாள் மருமகனுக்கு இருமல் மருந்து வாங்க ஒரு பெண் வந்தா. என் வயிற்றெரிச்சலை யாரிடமாவது கொட்ட வேண்டும் போலிருந்ததால், இந்த ஊரில் ஏன் இத்தனை நோய் என்று அவவிடம் கேட்டுவிட்டேன். அவ போத்தலை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தா.

"ஊருக்கு ஒரு நோயுமில்ல தம்பி. நாங்க மாப்புள எடுக்கக்குள்ளதான் அதுவும் சேந்து வாற."

நிந்தவூர்க் குடம்

எங்கள் தெருவுக்கு நிந்தவூரிலிருந்து ஒரு புது மாப்பிள்ளை வந்தார். புடைவைக் கடையில் வேலை. வந்த மாதமே வயிற்றுக்குத்து. ஐயா எழுத, நான் ஓமத் தண்ணீர் வாசமுள்ள மருந்தைக் கலக்கிக் கொடுத்தேன். மருந்து ஒன்றும் செய்யாது, கல்முனைக் கிணற்றுத் தண்ணீர் கரிப்பு, அதுதான் குடலைப் பிடிக்கிறது என்று என்னிடம் சொன்னார். அடுத்த கிழமையிலிருந்து அவருடைய உம்மா காலை பஸ்ஸில் ஒரு குடம் தண்ணீர் அனுப்பத் தொடங்கினா. வாயைத் துணியால் கட்டிய குடத்தைக் கொண்டக்டர் எங்கள் டிஸ்பென்சரி வாசலில் இறக்கி வைப்பார். மாப்பிள்ளை வந்து தூக்கிக்கொண்டு போவார். வயிற்றுக்குத்து பறந்துவிட்டது. தண்ணீர் என்றால் அதுவல்லவா தண்ணீர் என்று யன்னலில் நின்று ஒரு பிரசங்கமே வைத்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. தண்ணீரைக் குடத்தில் கட்டலாம், சம்மாந்துறைக் காற்றை எதில் கட்டி அனுப்புவது?

கொஞ்ச நாளில் அவருடைய மனைவி தலையை மூடிக்கொண்டு போத்தலோடு வந்து நின்றா. வயிற்றுக்குத்து. கணவருக்கா என்றேன். இல்லை, தனக்கு என்றா. பிறகு பக்கத்தில் யாருமில்லையா என்று பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னா. குடம் வந்த முதல் நாளே அவவுக்கு ரோசம் வந்துவிட்டதாம். வாப்பா வெட்டித் தந்த கிணற்றைக் குறை சொன்ன மனிதருக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரையே கூஜாவில் ஊற்றி வைத்திருக்கிறா. அவரும் வாய் நிறையக் குடித்திருக்கிறார். வந்த குடத்தை வீணாக ஊற்ற மனமில்லாமல், நிந்தவூர்த் தண்ணீரை இவ குடித்திருக்கிறா. அவருக்கு வயிறு சுகமாகிவிட்டது, இவவுக்குப் பிடித்துக்கொண்டது.

எந்தத் தண்ணீர் யாருக்கு என்ன செய்தது என்று யோசித்தபடியே நின்றதில் நான் கடதாசியைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். அவ அதைக் கவனிக்கவில்லை. என்னை அண்ணனாக நினைத்துக் கெஞ்சினா.

"அவருக்கிட்டச் சொல்லிராதீங்க காக்கா. எங்கட தண்ணியக் குடிச்சுப்போட்டுத்தான் அவர்ர உம்மாட கிணத்தப் புகழ்றார்."

கொழும்பு முதலாளி

இரண்டு ஊரிலும் வாழ்ந்த ஒருவர் கிடைத்தால் நேரான தீர்ப்பு வாங்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. கிடைத்தார். கொழும்பில் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர். கல்முனையில் கலியாணம் முடித்தவர். பெருநாளைக்குப் பெருநாள் ஊருக்கு வருவார். வந்த மறுநாள் காய்ச்சல் வரும். அதற்கடுத்த நாள் முழங்கால் வீங்கும். கொழும்புப் புகை அவரைத் தின்கிறது என்று மனைவி அழுவா. இல்லை, கல்முனைக்கு வந்தால்தான் எனக்கு வருகிறது என்று அவர் சத்தியம் பண்ணுவார்.

கொழும்பில் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். கடைக்கு மேலே ஓர் அறையாம். யன்னல் கிடையாது. கீழே சாக்கடைக் கான் நாற்றம். துறைமுகத்திலிருந்து கரி பறந்து வந்து சோற்றில் விழுமாம். அப்படி இருந்தும் அங்கே ஒரு சளித் தடிமன்கூட வந்ததில்லையாம். இங்கே கடல் காற்றும் தென்னை நிழலும் எருமைத் தயிரும் இருந்தும் படுக்கையில் விழுகிறார். அப்படியென்றால் உடம்புக்குக் கொழும்புதான் நல்லது என்கிறீர்களா என்றேன். மனிதர் திடுக்கிட்டுப் போனார்.

"சேச்சே, அது மனிசன் இருக்கிற இடமா தம்பி? அங்க நோய் வருத்தம் வந்தா ஆர் பாக்கிற? அதான் வாறல்ல."

காற்று மாற்றம்

மருந்தால் தீராத நெஞ்சு நோய்க்கு ஐயாவிடம் ஒரு கடைசி வழி இருந்தது. கடற்கரைக்காரனை வயல் பக்கத்துக்குப் போய் இருக்கச் சொல்வார். வயல் பக்கத்துக்காரனைக் கடற்கரைக்கு வரச் சொல்வார். அப்படித்தான் சாகாமத்து வேளாண்மைக்காரர் ஒருவர் சாய்ந்தமருதில் கூடப்பிறந்த ராத்தா வீட்டில் வந்து தங்கினார். சாய்ந்தமருது மீன்காரர் ஒருவர் சாகாமத்துக் குளக்கட்டுக்குப் பக்கத்தில் கூட்டாளியின் வாடிக் குடிசையில் போய் இருந்தார். இரண்டு பேரும் சுகமாகி, ஒரே நாளில் எங்கள் வாங்குப் பலகையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் கடல் காற்றைப் புகழ்ந்தார். மற்றவர் குளத்துக் காற்றைப் புகழ்ந்தார். இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை வந்து, ஐயா வந்து விலக்க வேண்டியதாயிற்று.

அவர்கள் போனபிறகு நான் ஐயாவிடம் கேட்டேன், எந்தக் காற்றுத்தான் நல்லது என்று. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மன்னாரில் வேலை செய்தபோது அவருக்குக் கண் வருத்தமாம். பண்டாரவளைக்கு மாற்றியதும் கண் சுகமாகி முழங்கால் பிடித்துக்கொண்டதாம். புத்தளத்துக்குப் போனதும் முழங்கால் விட்டு வயிறு கெட்டதாம். ஒவ்வோர் ஊரும் தன் நோயைத் தந்து, போகும்போது திருப்பி வாங்கிக்கொண்டது என்றார். கல்முனை என்ன தந்தது என்று கேட்டேன்.

"தலையிடி. ஆனா அதுக்கு ஊர் காரணமில்ல. ஒரு நாளைக்கு எத்தினதரம் நீ இதையே கேக்காய்?"

சம்மாந்துறையில் ஒரு கிழமை

இந்த நேரத்தில்தான் என் தலைமேல் ஒரு முடிவு வந்து விழுந்தது. ஐயாவின் சிநேகிதர் ஒருவர் சம்மாந்துறையில் டிஸ்பென்சரி திறக்கப் போகிறார், மருந்து கலக்க என்னைக் கேட்கிறார், நோன்பு பிடிப்பதற்குமுன் பதில் வேண்டுமாம். உம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் நான் போனால் ஹாஜறா என்ன செய்வாள்? அவளுக்காக அவளுடைய வாப்பா கண்ணை மூடி மௌத்தாவதற்குமுன் கட்டிக் கொடுத்த வீடு இது. மாமி பின்வளவுக் குடிலில் இருக்கிறா. பெண்ணை வீட்டை விட்டுக் கிளப்பிக்கொண்டு போன மாப்பிள்ளையை எங்கள் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. "ஒங்கட நெஞ்சுதான் பெரிசு, வூடு கெடந்திட்டுப் போகட்டும்" என்று ஹாஜறா சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக் குசினிக்குள் போய் ஒரு மணிநேரம் வெளியே வரவில்லை. எனக்கு அவளை அந்த வீட்டிலிருந்து பிரிக்கவும் மனமில்லை, அவளை விட்டுப் போகவும் மனமில்லை. நெஞ்சோ பொழுது சாய்ந்தால் ஊதிக்கொண்டே இருந்தது.

சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், உம்மா வீட்டில் போய் இருந்தேன். ஒரு சத்தம் இல்லை. கட்டை மாதிரிக் கிடந்து நித்திரை கொண்டேன். திரும்பிக் கல்முனைக்கு வந்தபோது பொழுது சாய்ந்த மஃரிபு நேரம். மாமி என் அறையை ஆயத்தம் பண்ணி வைத்திருந்தா. மாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவ என்னோடு நேரே கதைக்க மாட்டா. மருமகன் என்றால் அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையை எல்லாம் சாம்பிராணியில்தான் காட்டுவா. மற்ற வீடுகளில் வெள்ளி இரவுக்கு மட்டும் போடுகிற சாம்பிராணியை, நான் வந்த நாள் தொட்டு ஒவ்வொரு மஃரிபுக்கும் என் அறையில் போட்டு, தலையணையைக்கூடப் புகையில் காட்டி வைப்பா. எனக்கு இழுப்பு என்று தெரிந்ததும் இன்னொரு பிடி கூட்டிப் போட்டா. அன்றைக்கு நான் ஒரு கிழமை கழித்து வந்ததால் அறைக்குள் கட்டில் எங்கே என்று தெரியாத அளவுக்குப் புகை. அந்த வாசம் எனக்கு உயிர். ஆசை தீர இழுத்துவிட்டுப் படுத்தேன். அதுவரை இல்லாத இழுப்பு அன்றைக்குப் பிடித்தது.

இனி என்ன சந்தேகம்? ஊர்தான். விஷயத்தைக் கேள்விப்பட்டு அடுத்த பஸ்ஸில் வந்த உம்மா வாசலில் நின்றே சொன்னா.

"பாத்தியா மனெ? ஊருக்குள்ள கால வெச்ச ஒடனே புடிச்சிட்டுது."

எல்லாரும் சுகப்படுத்தினார்கள்

சம்மாந்துறைக்கு வருகிறேன் என்று ஐயாவிடம் சொல்லிவிட்டேன். அவரும் சிநேகிதருக்குச் சொல்லிவிட்டார். பெட்டியைத் தட்டி வெயிலில் வைத்தேன். பார்த்தால், அந்தக் கிழமையே எனக்கு இழுப்பு நின்றுவிட்டது. கல்முனையில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், உப்புக் காற்று மூஞ்சியில் அடிக்க, நெஞ்சு பச்சைப்பிள்ளையின் நெஞ்சு மாதிரி இருந்தது. தான் மருந்தை மாற்றி எழுதியதால்தான் என்றார் ஐயா. தான் ஓதி அனுப்பிய தண்ணீரால்தான் என்றா உம்மா. தான் இரகசியமாக என் போத்தலில் கொஞ்சம் நிந்தவூர்த் தண்ணீர் கலந்ததாக அந்தப் புடைவைக்கடை மாப்பிள்ளை வந்து சொன்னார். போகிறோம் என்று மனம் தீர்மானித்ததால் வந்த சுகமோ என்று எனக்கும் ஓர் எண்ணம். அப்படியானால் சுகமாகிவிட்டதால் போகாமல் இருப்பதா, போவதாகச் சொன்னதால் வந்த சுகம் போகாவிட்டால் போய்விடுமா? பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து யோசித்தேன்.

ஹாஜறாவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. எந்த வாசம் பட்டாலும் குமட்டிச் சத்தி எடுப்பாள். அவள் வந்து என்னையும் பெட்டியையும் பார்த்தாள். "எங்கட உம்மா சாம்பிராணி போடுறத நிப்பாட்டினது ஒங்களுக்குத் தெரியல்லயா? எனக்குக் கொமட்டுதெண்டு நான்தான் வேணாமெண்ட" என்றாள். நான் அறைக்குள் போய் நின்று மூக்கை இழுத்துப் பார்த்தேன். உண்மைதான். வெறும் காற்று. அன்றே ஐயாவிடம் ஓடி, சம்மாந்துறைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன். மாமிக்கு மட்டும் இதைச் சொல்லக் கூடாது என்று ஹாஜறாவிடம் கெஞ்சினேன். வாய் திறந்து கதைக்காத மனுசி இத்தனை நாளும் அன்பாக எனக்குத் தந்தது அது ஒன்றுதானே. ஹாஜறா சரி என்றாள், ஆனால் என்னைச் சும்மா விடவில்லை.

"மருந்து கலக்குற ஆளுக்கு மூக்கு போத்தலுக்கு மட்டுந்தானா?"

நாற்பது நாள் புகை

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருப்பேன், நீங்களும் ஒரு நல்ல விஷயம் தெரிந்துகொண்டோம் என்று போத்தலைத் தூக்கிக்கொண்டு போயிருப்பீர்கள். ஹாஜறாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் நாற்பது நாளும் சாம்பிராணி எரிய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளையைக் குளிப்பாட்டிப் புகையில் காட்டுவார்கள். தாயின் தலைமுடியைப் புகையில் உலர்த்துவார்கள். மாமி ஒரு வருடத்துக் கடனைச் சேர்த்துத் தீர்க்கிறவ மாதிரிக் காலையும் மாலையும் சட்டியை ஊதினா. நான் மருந்தைக் கலக்கிப் போத்தலில் ஆயத்தமாக வைத்துக்கொண்டு இழுப்பு வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்தப் புகைக்குள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தேன். ஒரு தும்மல்கூட வரவில்லை. ஐயாவிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, தனக்கு வெளியில் வேலை இருக்கிறது என்று குடையை எடுத்தார்.

புகையும் இல்லை, தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை என்றால் வேறு எதுதான்? பிள்ளை பார்க்க வந்த உம்மா பழைய பேச்சை மறுபடி எடுத்தா. காரணம் தெரியாத நோய் எந்த நேரமும் திரும்பி வரும், பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு சம்மாந்துறைக்கு வந்துவிடு என்றா. எனக்கு உம்மா சொல்வதும் சரியாகத்தான் பட்டது. பிள்ளையைப் புகையில் காட்டிக்கொண்டிருந்த மாமி தலை நிமிரவில்லை. என்னையும் பார்க்கவில்லை, உம்மாவையும் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்னா. "வாப்பாக்கு ஊர் ஒத்துவந்தா என்ன, வராட்டி என்ன புள்ள? ஒனக்கு வூடு இஞ்சதானே கட்டோணும்?"

என் நெஞ்சுக்குள் ஏதோ தடாரென்று இறங்கி உட்கார்ந்தது. இழுப்பு இல்லை, வேறு ஏதோ. இந்தப் பிள்ளை பிறந்த அன்றே நான் கல்முனைக்காரனாகிவிட்டேன், அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. உம்மாவைப் பார்த்தேன். சம்மாந்துறையில் தன் வாப்பா கட்டித் தந்த வீட்டில் ஆயுள் முழுவதும் இருக்கிற மனுசி அவ. எழுந்து போய் வளவின் வெற்றுப் பக்கத்தைக் கண்ணால் அளந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து என்னிடம் சொன்னா.

"கிணத்த மட்டும் கடல் பக்கம் வெட்டிராத மனெ. வாற மாப்புளக்கி ஒத்துவராது."

ஆகவே கல்முனை மனிதர் உடம்புக்கு நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டு வராதீர்கள். என் மகளைக் கட்டப்போகிறவன் இப்போது எந்த ஊரிலோ தவழ்ந்துகொண்டிருப்பான், அவன் கழுவாத போத்தலோடு இந்த யன்னலுக்கு வருகிற அன்று அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.